சாயம் போன விரிப்பு

நவம்பர் 9

அண்ணி,

அண்ணனின் போனிலிருந்து அழைத்தால் எடுத்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். நடுவில் ஒரு சிரிப்பு சிரிப்பீர்கள், நான் சொல்ல வந்தது கலைந்துவிடும். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நலம். மாற்றல் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். அதே பதிப்பகம், அதே பாடப்புத்தகங்கள், அதே பிழை திருத்தும் வேலை. ஊர்தான் வேறு. விடுதி அறையில் என்னோடு ஒரு நர்ஸ் இருக்கிறாள். அறையின் ஜன்னலுக்குத் திரை இல்லை. அளவு சொன்னால் நீங்கள் தைத்து அனுப்பிவிடுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். பழைய செய்தித்தாளை ஒட்டியிருக்கிறேன்.

அந்த ஏரிக்கரை ரிசார்ட் எப்படி இருந்தது என்று இங்கே யாராவது கேட்டால், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வேன். என் ஆத்திரமே அதுதான். நன்றாகத்தான் இருந்தது.

அங்குள்ள குடில்களுக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுத்ததற்காக, ஆள் வராத மழை மாதத்தில் மூன்று நாள் வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொன்னதாகச் சொன்னீர்கள். அதுவாவது உண்மையாக இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் ஏரியைப் பார்க்கவில்லை நீங்கள், திரையின் கீழ்மடிப்பைப் புரட்டிப் பார்த்தீர்கள். கட்டில்மேல் துண்டைக் கொக்கு போல மடித்து வைத்திருந்தார்கள். "இதைப் பிரிக்கவே மனசு வரலையே, உடம்பை எதால துடைக்கிறது?" என்று முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். சாயங்காலம் பெடல் படகில் போனோம். படகு நாணலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. நீங்கள் சிரித்த சிரிப்பில் மிதிக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்த ஒரு சிரிப்புக்காக, வென்னீர் வராததையும் போர்வையின் ஈரவாடையையும் சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மழை. வரவேற்பறைக்குப் பக்கத்தில், முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன புத்தகங்களை அடுக்கிய ஒரு மூலை இருந்தது. அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு புத்தகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்குப் பிடித்த புத்தகங்கள் எல்லாம் அவருக்கும் பிடித்திருந்தன. எனக்கு எங்கே எரிச்சல் வந்ததோ அவருக்கும் அங்கேதான் எரிச்சல் வந்திருந்தது. என்னை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் சில்லறை கேட்பதற்குக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்ப்பவள் நான். அன்று மழை விடும்வரை பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அன்றைக்குப் படுக்கப் போகும்போது உங்களிடம் சொன்னேன்: "அண்ணி, இன்னிக்கு ஒருத்தரைப் பார்த்தேன்." நீங்கள் என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்படியா, யாரு? என்ன பண்றாராம்?" என்று கேட்டீர்கள்.

எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டீர்கள். அவரை அங்கே வரவழைத்ததே நீங்கள்தான். எதைப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியதும் நீங்கள்தான். அவருடைய அம்மா பக்கத்துக் குடிலில் காத்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்த "அப்படியா"வை மன்னிக்க மாட்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். மூன்றாம் நாள் காலை ஏரியைச் சுற்றி நடக்கும்போது அவர் ஒரு வாக்கியம் சொன்னார். அந்த வாக்கியம் அவருக்கு உங்களிடமிருந்து மட்டும்தான் கிடைத்திருக்க முடியும். எந்த வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். அது என் கையில் இருக்கட்டும்.

அதன் பிறகு காலைச் சாப்பாட்டில் நான் செய்ததை நீங்களே பார்த்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி அந்த வீட்டுக்கு வர மாட்டேன். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் என் முக்காலியை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுங்கள். நீங்கள் துணி தேய்க்கும்போது கதை சொல்ல இனி ஆள் இல்லை.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 17

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் பிரித்தார். பாதி படித்துவிட்டு, "இது பொம்பளைங்க சண்டை, எனக்கு வேண்டாம்" என்று மாவுக்கையோடு இருந்த என்னிடம் நீட்டினார். உறையில் மாவு, கடிதத்தில் நெருப்பு.

எனக்கு உன்னைப்போல எழுத வராது. எழுத உட்கார்ந்தால் கை வேறு வேலை தேடும். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நீ எழுதியதில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

ஆமாம், வரவழைத்தேன். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணாடி சரிபார்க்கும்போது அவர் என்னைப் பேச வைத்தார். நான் உன்னைப் பற்றிப் பேசினேன். வேறு எதைப் பற்றிப் பேசுவேன்? நான் தேய்க்கிற நேரத்தில் என் நாத்தனார் கதை சொல்லுவாள், ஒரு சட்டையைக் கருக்கிவிட்டேன் அதைக் கேட்டு, என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அவங்ககிட்ட நான் என்ன பேசறது? நான் எதுவும் படிச்சதில்லையே" என்றார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் அவர்மேல் தப்பு இல்லை. நீ என்னை அடித்திருக்கலாம். நீ அவரை அடித்தாய்.

அந்தச் சாப்பாட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மேனேஜர் இருந்தார். பக்கத்து மேஜையில் புதிதாகக் கல்யாணமானவர்கள் இருந்தார்கள். அவருடைய அம்மா உனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். நீ பூனை மாதிரி உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தத் தபால்காரர் நாவல் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் அப்படி ஒன்றைச் சொல்லித் தரவே இல்லை. பயத்தில் "படிச்சிருக்கேன்" என்றார்.

"கடைசியில அவர் குதிரையா மாறிடுவாரே, அந்த இடம்?"

"ஆமாம், அது மனசைத் தொட்டுச்சு."

அவருடைய அம்மா பெருமையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை நீ காத்திருந்தாய். அதை நான் பார்த்தேன். பிறகுதான் சத்தமாகச் சொன்னாய், "அப்படி ஒரு புத்தகமே கிடையாது" என்று. கல்யாணமான பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். நாற்பது வயதை எட்டப்போகிற மனிதரைப் பார்த்து, ஆறாம் வகுப்புப் பையனைக் கேட்பதுபோல.

மேனேஜர் அடுத்த வரிசைக் குடில்களுக்குத் திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது போகட்டும். எனக்கு அதில்லை விஷயம்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். நீ வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முக்காலியைத் தேடுவாய். இந்த உலகத்தில் உன் வாய் திறக்கிற இடம் அது ஒன்றுதான். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பிடித்திருந்ததால்தான் பயமாகவும் இருந்தது. இவ்வளவையும் நான் ஒருத்தியே கேட்டுத் தீர்ப்பது சரியா என்று இருந்தது. மழை நாளில் நீ அவரோடு பேசிக்கொண்டிருந்ததைத் தூண் மறைவிலிருந்து பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். அது பொய்யா? சொல்.

அந்த "அப்படியா"வை மன்னிக்க மாட்டேன் என்கிறாயே. உன் வாயால் கேட்க ஆசையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவர் சொன்ன வாக்கியம் என்ன? நான் பார்த்துப் பார்த்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்த இடத்தில் தையல் விட்டது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முக்காலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. வேண்டுமானால் நீயே வந்து எடுத்துப் போடு.

அண்ணி


நவம்பர் 21

அண்ணி,

கேட்டுவிட்டீர்கள். பிறகு ஏன் சொன்னாய் என்று கேட்கக் கூடாது.

துறைமுக நாவல் நினைவிருக்கிறதல்லவா? உங்களுக்கு எல்லாவற்றிலும் அதுதான் பிடிக்கும். கரையோரத்தில் துணி வெளுக்கிறவள். மகன் கப்பலில் வேலைக்குப் போகிறான். திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே வீடு தெரிய வேண்டும் என்று தினமும் மாடியில் ஒரு சிவப்பு விரிப்பை உலர்த்துகிறாள். வருடக்கணக்கில் உலர்த்துகிறாள். அதை நான் உங்களுக்கு நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி வந்தேன். நடுவில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வெறும் கையோடு வந்தீர்கள். நீங்கள் தைத்து அடுக்கி வைத்திருந்த சின்னச் சட்டைகளை அண்ணன் பரணில் ஏற்றினார். ஒரு வாரம் கழித்து நீங்கள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பையன் வந்தானா இல்லையா?" என்று கேட்டீர்கள்.

வந்தான் என்று சொன்னேன். தாடி வைத்துக்கொண்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான் என்றேன். வாசலில் நின்று மாடியைப் பார்த்து, "சாயம் போயிடுச்சேம்மா" என்றான் என்றேன். நீங்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதீர்கள். அழுதுகொண்டே சிரித்தீர்கள். "பையன் பேசறதைப் பாரு, வந்ததும் வராததுமா குறை சொல்றான்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

அந்த வாக்கியம் அந்த நாவலில் இல்லை. எந்த நாவலிலும் இல்லை. உங்கள் இஸ்திரி மேஜையருகே நான் கட்டியது.

உங்கள் கண்ணாடிக் கடைக்காரர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடைசியில பையன் வந்து சாயம் போயிடுச்சேம்மான்னு சொல்றானே, அங்க நான் புத்தகத்தை மூடிட்டேங்க." உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வாக்கியம், அண்ணி. என் வாயிலிருந்து உங்கள் காதுக்கு வந்தது. அதை நீங்கள் கடைத்தெருவில் ஒரு வெளி ஆளிடம் எடுத்துக் கொடுத்தீர்கள், என்னை விழ வைப்பதற்கு.

உண்மையான முடிவையும் சொல்லிவிடுகிறேன். பையன் வரவில்லை. கப்பல் வந்தது, அவன் அதில் இல்லை. போன முதல் வருடமே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். கடலில் போட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்த அன்றைக்கு அவள் மாடியேறி அந்த விரிப்பை எடுத்துக் கிழித்து, தரை துடைக்கிற துணியாகப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் கதை.

இனி தையல் எங்கே விட்டது என்று யோசிக்காமல் தூங்கலாம்.


டிசம்பர் 8

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் எதையும் தேய்க்கவில்லை. அடுத்த நாளும் தேய்க்கவில்லை. துணி கொடுத்தவர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். உன் அண்ணன் என்ன ஆச்சு என்று கேட்டார். பையன் செத்துட்டானாம் என்றேன். எந்தப் பையன் என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ரொம்ப நேரம் கழித்து வந்தார். உனக்கு வேண்டியது இதுதானே? கிடைத்தது. ரசீது அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

மூன்றாம் நாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். உனக்காகப் போகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் ஏவிவிட்டுத்தானே அவருக்கு அந்த அவமானம். கல்லா மேஜைமேல் ஒரு புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. அட்டையில் கடலும் மாடியும் சிவப்பாக ஏதோ ஒன்றும் இருந்தது. ரிசார்ட்டிலிருந்து திரும்பிய வாரமே தேடி வாங்கியிருக்கிறார். வெட்கத்தில் வாங்கினாராம். "முன்னப்பின்ன படிச்சதில்லைக்கா, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகுது" என்றார். முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். நேற்றுதான் முடித்தேன் என்றார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ சொன்னது நிஜம்தான் என்று.

கடைசி அத்தியாயத்தை வாசிங்க என்றேன். வேண்டாம் என்றார். நான் கண் பரிசோதிக்கிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எதிரே சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை எழுதியிருந்த அட்டை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டி வாசித்தார். பையன் செத்துப்போனான். நீ சொன்ன மாதிரியே காய்ச்சல், கடல்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் பக்கம் இருந்தது.

அவள் விரிப்பை எடுக்கத்தான் மாடிக்குப் போகிறாள். எடுத்து மடித்தும் விடுகிறாள். கீழேயிருந்து மீன்பிடிக்கிறவன் ஒருத்தன் ஓடி வருகிறான். "அக்கா, அதை எடுத்துடாதீங்க. பாறையில மோதாம அதைப் பார்த்துத்தான் நாங்க எல்லாரும் உள்ள திரும்பறோம்" என்கிறான். அவளுக்கு அது அதுவரை தெரியாது. இத்தனை வருடம் யார் யாரோ அவள் விரிப்பைப் பார்த்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவள் நின்று யோசிக்கிறாள். பிறகு துவைத்து, பிழிந்து, மறுபடியும் உலர்த்துகிறாள். அங்கேதான் முடிகிறது. கிழிக்கவில்லை. தரை துடைக்கவில்லை.

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

நீ பாடப்புத்தகத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிறவள். மறந்துபோய் எழுதினேன் என்று சொல்லாதே. உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மீனவனை வெட்டி எறிந்தாய். அவன் இருந்தால் எனக்கு வலி குறைந்துவிடும் என்று வெட்டினாய்.

ஒரே கதையை எனக்கு இரண்டு தடவை பொய்யாகச் சொல்லியிருக்கிறாய். முதல் பொய் எனக்காகச் சொன்னது. அதற்கு நான் உனக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். இரண்டாவது உனக்காகச் சொன்னது. அதை நீயே வைத்துக்கொள்.

நான் உனக்குச் செய்தது தப்பு. சாயம் போன விரிப்பை நான் வெளியே கொடுத்திருக்கக் கூடாது. அது என்னுடையது என்று நினைத்துவிட்டேன், நம்மிரண்டு பேருடையது என்று தோன்றவில்லை. இதை எழுதிவிட்டேன், திரும்பச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கடை விடுமுறை நாளில் அவர் நம் வீட்டுக்கு வருகிறார். நான் தேய்க்கிறேன், அவர் வாசிக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார், ஒரு கதை முடிய எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. ஆனால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிக்கிறார். ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. அவருடைய அம்மாவும் கூடவே வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்கிறார். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

அவர் உன் முக்காலியில்தான் உட்காருகிறார். கொஞ்சம் ஆடுகிறது என்று காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். இப்போது ஆடுவதில்லை.

அண்ணி


டிசம்பர் 13

அண்ணி,

அந்த முக்காலி ஆட வேண்டும். அது ஆடுகிற மாதிரி உட்காரத்தான் எனக்குப் பழக்கம். அட்டையை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். மீனவனைப் பற்றி எழுதத் தொடங்கி நிறுத்தினேன். நீங்கள் சொன்னது சரி. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். அன்றைக்கு எழுதும்போது அவன் ஓடி வருகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் கதவைத் திறக்கவில்லை. இதைவிட அதிகமாக என்னால் எழுத முடியவில்லை.

என் அறையில் இருக்கும் நர்ஸ் செய்தித்தாள் ஒட்டிய ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன கடையா, மூடிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஒரு கதை சொல்லப் பார்த்தேன். இரண்டாவது நிமிடமே தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு. நீங்கள் என் கதையைக் கேட்டு ஒரு சட்டையைக் கருக்கியவர்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது. நான் சென்ற மாதம் முழுக்கப் படித்தது. இதுவரை படித்ததில் இதுதான் பெரியது என்று சொல்வேன். ஒரு அக்கா, ஒரு தங்கை, ஒரு ஏரி, பிறகு ஒரு துரோகம். நீங்கள் தேய்க்கிற எல்லாத் துணியையும் கருக்கப்போகிறீர்கள். உங்கள் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுங்கள். எழுத்துக் கூட்டி, ஒரு சொல்கூடக் குறைக்காமல் வாசிக்கட்டும். அவருடைய அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்து கேட்கட்டும். நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் எல்லோரும்.

பக்கத்தின் ஓரத்தை மடிக்கக்கூட மனம் வராதவள் நான். அது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நேற்று வேலை முடிந்து வந்து, பிழை திருத்தும் மேஜையிலிருந்து எடுத்துவந்த பிளேடால், அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முதுகோடு ஒட்டி அறுத்து எடுத்துவிட்டேன். கோடு நேராகத்தான் வந்திருக்கிறது, நீங்களே பார்த்துச் சொல்லலாம். கடையில் வேறு பிரதி வாங்கலாம் என்று அவர் கிளம்ப வேண்டாம். விசாரித்துவிட்டேன், அது இப்போது அச்சில் இல்லை.

அந்தப் பக்கங்கள் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. அதை யாரும் வாசிக்க முடியாது. நான் வந்து சொன்னால்தான் உண்டு. இருப்பதை இருப்பதுபோலச் சொல்வேனா, கட்டிச் சொல்வேனா என்று நீங்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் எத்தனை மாதத்தில் வாசித்து முடிப்பாரோ, முடித்ததும் எழுதுங்கள். அதுவரை வர மாட்டேன்.

சீக்கிரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

(ஜன்னல் அளவு: அகலம் மூன்றரை அடி, உயரம் நாலு. சிவப்பு வேண்டாம்.)